கள்ளியின் இனம் அறிவோம்: தென் அமெரிக்க ஒற்றைமுள் சப்பாத்திக்கள்ளி

தரிசிலும் வேலியோரத்திலும் தட்டையான மடல்களுடன் முள் நிறைந்து நிற்கும் செடி எதுவானாலும் அதைச் சப்பாத்திக்கள்ளி என்றோ நாகதாளி என்றோ அழைத்துவிடுகிறோம். நெல்லிலும் கரும்பிலும் இரகம் பார்த்து நடும் உழவர்கள் கள்ளியில் இனம் பார்ப்பதில்லை. பயிரல்லாத முட்செடிக்கு இனம் எதற்கு என்று தோன்றுவது இயல்பே.

ஆனால் பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் இரண்டு கள்ளிகளில் ஒன்றை ஒரு சிறு பூச்சி அடியோடு அழிக்கிறது. பக்கத்தில் நிற்கும் மற்றொன்றை அது தீண்டுவதில்லை. இந்த வேறுபாட்டால் ஓரிடத்தில் நிலம் மீண்டது; வேறோரிடத்தில் மாடுகள் மடிந்தன. இன்று முள்ளில்லாத தீவனக் கள்ளியை வறட்சிக்குத் துணையாக நட விரும்பும் விவசாயிகளுக்கும் இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். ஆகவே, தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட ஒரு சப்பாத்திக்கள்ளியின் உடலமைப்பையும், அதை இனம் காணும் விதத்தையும் இங்கே பார்ப்போம்.

எது கள்ளி?

முதலில் ஒரு விளக்கம் தேவை. நாம் கள்ளி என்று சொல்பவை இரண்டு வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. திருகுகள்ளி, சதுரக்கள்ளி, கொம்புக்கள்ளி ஆகியவை ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒடித்தால் வெண்மையான பால் வடியும். கண்ணில் பட்டால் ஆபத்து.

சப்பாத்திக்கள்ளி அப்படியல்ல. மடலை வெட்டினால் பால் வராது. வெண்டைக்காய் போன்ற வழவழப்பான நீர்தான் கசியும். இது காக்டஸ் குடும்பம். இக்குடும்பத்தில் மரத்தில் தொற்றித் தொங்கும் ஒரே ஒரு இனம் ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் இயற்கையாகக் காணப்படுகிறது. மற்ற எல்லாமே அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியவை. நம் நாட்டில் காணும் சப்பாத்திக்கள்ளிகள் யாவும் கப்பலேறி வந்தவையே.

தாயகமும் பெயரும்

நாம் பார்க்கப்போகும் செடியின் தாவரவியல் பெயர் ஒபன்ஷியா மோனகாந்தா. கிரேக்க மொழியில் "மோனோ" என்றால் ஒன்று; "அகாந்தா" என்றால் முள். மடலின் ஒவ்வொரு கண்ணிலும் பெரும்பாலும் ஒரே நீண்ட முள் இருப்பதால் இப்பெயர் ஏற்பட்டது. எனவே இதை ஒற்றைமுள் சப்பாத்திக்கள்ளி என்று குறிப்பிடலாம். பழைய நூல்களில் இதையே ஒபன்ஷியா வல்காரிஸ் என்று தவறாக எழுதியிருப்பார்கள்.

பிரேசிலின் தென்கிழக்கு மற்றும் தென் பகுதி, உருகுவே, பராகுவே, அர்ஜென்டினாவின் வடகிழக்குப் பகுதி ஆகியவை இதன் தாயகம். பிரேசிலில் இதை அரும்பேவா என்றும் அழைப்பார்கள். அட்லாண்டிக் கடலோரத்தில் "ரெஸ்டிங்கா" எனப்படும் மணல்மேட்டுப் புதர்க்காடுகளிலும் கடலையொட்டிய பாறைகளிலும் இது வளர்கிறது. உப்புக் காற்றும் சத்தற்ற மணலும் சுடும் வெயிலும் கூடிய இடம் அது. மழை ஓரளவு பெய்தாலும் மணலில் ஈரம் நிற்காது. அந்தச் சூழலுக்கு ஏற்பவே இதன் உடல் அமைந்திருக்கிறது.

உடலமைப்பு

உயரம்: இது தரையோடு படரும் புதர் அல்ல. பொதுவாக 2 முதல் 4 மீட்டர் வரை, சில இடங்களில் அதற்கும் மேலாகச் சிறு மரம்போல் வளரும். வயதான செடியில் உருண்டையான அடிமரம் தெளிவாகத் தெரியும். அடிமரத்தில் முட்கள் கொத்துக் கொத்தாக இருக்கும்.

மடல்: நாம் இலை என்று எண்ணும் தட்டையான பகுதி உண்மையில் தண்டு. பச்சையம் நிறைந்து, இலையின் வேலையை அதுவே செய்கிறது. ஒரு மடல் 10 முதல் 30 செ.மீ. நீளம் இருக்கும். நுனி அகன்றும் அடி குறுகியும் இருப்பதால் தலைகீழ் முட்டை வடிவம். நிறம் பளபளப்பான பசும்பச்சை. மற்ற சப்பாத்திக்கள்ளிகளோடு ஒப்பிட்டால் மடல் மெல்லியது; இளமடல்கள் இன்னும் மெல்லியவை. கிளை நுனிகளில் மடல்கள் சற்றே தொங்கினாற்போல் நிற்கும். ஆஸ்திரேலியாவில் இதைத் "தொங்கு மரக்கள்ளி" என்னும் பொருள்படும் பெயரால் அழைப்பதற்குக் காரணம் இதுவே.

இலை: உண்மையான இலையும் உண்டு. இளமடல் துளிர்க்கும்போது ஒவ்வொரு கண்ணின் அடியிலும் 2 முதல் 4 மி.மீ. நீளத்தில் கூம்பு வடிவச் சிறு இலை தோன்றும். மடல் முற்றுவதற்குள் அது உதிர்ந்துவிடும்.

கண்ணும் முள்ளும்: மடலின் இருபுறமும் இடைவெளி விட்டுச் சிறு புள்ளிகள் அமைந்திருக்கும். இவையே கண்கள். கரும்பின் பருவைப்போல், வேரும் புது மடலும் பூவும் இங்கிருந்தே கிளம்பும். கண்ணுக்கு 1 முதல் 3 முட்கள். பெரும்பாலும் ஒன்றே நீண்டு நேராக நிற்கும். முள் சாம்பல் நிறம், நுனி கரும்பழுப்பு. நீளம் 1 முதல் 5 செ.மீ. வரை.

சுணை: பெரிய முள்ளைவிடத் தொல்லை தருவது கண்ணில் அடர்ந்திருக்கும் பழுப்பு நிறச் சுணைதான். மயிரைப்போன்ற இந்தச் சிறுமுட்களில் பின்னோக்கிய கொக்கிகள் உண்டு. தொட்டவுடன் கழன்று தோலில் ஏறும். இழுத்தால் எளிதில் வராது. கால்நடைகளின் வாயிலும் நாக்கிலும் புண்ணை உண்டாக்குவது இதுவே. முள் இல்லை என்பதால் சுணையும் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது.

பூ: மடலின் மேல் விளிம்பில் பூக்கும். 5 முதல் 7.5 செ.மீ. அகலம். இதழ்கள் மஞ்சள், வெளி இதழ்களின் நடுவே செந்நிறக் கோடு ஓடும். தேனீ வந்து மகரந்தத் தாள்களைத் தொட்டால் அவை உள்நோக்கி வளைந்து நகரும். பூவுக்குள் குச்சியால் மெல்லத் தொட்டும் இதைக் காணலாம்.

காய்: பேரிக்காய் வடிவம். 5 முதல் 7.5 செ.மீ. நீளம். முற்றினால் செவ்வூதா நிறம். இதில் ஒரு தனிச்சிறப்பு உண்டு. காயின் மேலும் கண்கள் இருப்பதால், காயிலிருந்தே மறு காயோ மடலோ கிளைக்கும். கீழே விழுந்த காயே வேர்விட்டுச் செடியாகவும் கூடும். மடல் துண்டு, காய், விதை என மூன்று வழியிலும் பெருகும் இச்செடியை வெட்டிப்போட்டு ஒழிக்க முடியாது. வெட்டிய துண்டுகள் ஒவ்வொன்றும் நாற்றாகிவிடும்.

நீரைக் காக்கும் விதம்

சப்பாத்திக்கள்ளி வறட்சியைத் தாங்குவது முள்ளால் மட்டும் அல்ல. மற்ற பயிர்கள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை உட்கொள்கின்றன. அப்போது உள்ளிருக்கும் நீர் ஆவியாகி வெளியேறுகிறது. கள்ளியோ பகலில் துளைகளை மூடிக்கொள்கிறது. குளிர்ந்த இரவில் திறக்கிறது. இரவில் பெற்ற வாயுவை ஒருவகைப் புளிப்பு அமிலமாக மாற்றி மடலில் சேமித்து, பகலில் வெயில் வந்ததும் அதைக்கொண்டு உணவு தயாரிக்கிறது. அதனால்தான் விடியற்காலையில் வெட்டிய மடல் அதிகம் புளிக்கும். மாலையில் வெட்டியது அவ்வளவு புளிக்காது.

இதோடு மடலின் மேல் மெழுகுப்பூச்சு உண்டு. உள்ளே நீரைப் பிடித்துவைக்கும் பசை உண்டு. வேர்கள் ஆழமாகப் போகாமல் மேல் மண்ணில் பரவியிருக்கும். சிறு தூறல் விழுந்தாலும் புதுச் சல்லிவேர்கள் விரைவாகக் கிளம்பி, மண் காய்வதற்குள் நீரை உறிஞ்சிக்கொள்ளும்.

நாகதாளியிலிருந்து பிரித்தறிய

நம் பக்கம் இன்று மிகுதியாகக் காணப்படும் நாகதாளி வேறொரு இனம். அதன் பெயர் ஒபன்ஷியா டில்லெனி. அதன் தாயகம் மேற்கிந்தியத் தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலோரங்களும். பழத்தைத் தின்ற சிறுவர்களின் நாக்கைச் சிவக்கவைப்பது இந்தச் செடிதான். இரண்டையும் பிரித்தறியும் அடையாளங்கள் வருமாறு:

1. வடிவம்: ஒற்றைமுள் கள்ளி அடிமரத்துடன் சிறு மரம்போல் உயரும். நாகதாளி அடர்ந்த புதராகப் பரவும்.

2. மடல்: முன்னது மெல்லியது, பளபளப்பான பச்சை. பின்னது தடித்தது, நீலம் கலந்த மங்கிய பச்சை.

3. முள்: முன்னதில் கண்ணுக்கு ஒன்று முதல் மூன்று, சாம்பல் நிறம், நேரானது. பின்னதில் பெரும்பாலும் பல முட்கள். மஞ்சள் நிறம், அடி தட்டையானது, சிறிது வளைந்தும் இருக்கும்.

4. பூவிதழ்: முன்னதில் வெளி இதழின் நடுவே செந்நிறக் கோடு உண்டு.

ஒரே ஓர் அடையாளத்தை வைத்து முடிவு செய்யாமல் இரண்டு மூன்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். பூந்தொட்டிகளில் வளர்க்கப்படும் வெள்ளைத் திட்டுள்ள ஒரு அழகுக் கள்ளியும் ஒற்றைமுள் இனத்தைச் சேர்ந்ததே. அதன் மடல்கள் சிறுத்தும் கோணலாகவும் இருக்கும்.

பூச்சி கண்ட வேறுபாடு

கள்ளி மடலில் வெண்பஞ்சு ஒட்டியதுபோல் ஒரு பூச்சி இருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். பார்வைக்கு மாவுப்பூச்சி போலத் தோன்றும். நசுக்கினால் இரத்தம்போல் சிவப்புச் சாயம் வரும். இதுவே கொச்சினீல் பூச்சி. பெண் பூச்சிக்கு இறக்கை இல்லை. ஓரிடத்தில் ஒட்டி உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். அதன் இளங்குஞ்சுகள் ஊர்ந்தும் காற்றில் மிதந்தும் அடுத்த செடிக்குப் பரவும்.

பட்டுக்கும் கம்பளிக்கும் செஞ்சாயம் தந்த இப்பூச்சியின் நல்ல இனம் மெக்சிகோவில் ஸ்பானியர்களின் கையில் இருந்தது. அதைப் பெற ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி பெரிதும் முயன்றது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்னும் மருத்துவர் இதற்காகவே சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் அமைத்தார். 1795இல் பிரேசிலிலிருந்து கப்பல்வழியாக ஒரு கொச்சினீல் பூச்சி வங்காளத்துக்கு வந்து சேர்ந்தது. ஆனால் அது சாயத்துக்குரிய இனம் அல்ல; காட்டு இனம். சாயம் சொற்பமாகவே கிடைத்தது. மாறாக, அப்போது பரவிக் கிடந்த ஒற்றைமுள் கள்ளியை அது தின்று தீர்த்தது. இரண்டுமே தென் அமெரிக்காவில் ஒன்றாக வாழ்ந்தவை என்பதால் பூச்சிக்குச் செடி புதிதல்ல.

இதைக் கண்டவர்கள் 1836 முதல் 1838 வரையிலான காலத்தில் அப்பூச்சியைத் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்து கள்ளியின்மேல் விட்டார்கள். களையை ஒழிக்கப் பூச்சியை வேண்டுமென்றே பயன்படுத்தி வெற்றி கண்டது உலகிலேயே இதுதான் முதல் முறை என்று பூச்சியியல் நூல்கள் குறிப்பிடுகின்றன. 1860களில் இலங்கைக்கும் இது சென்றது. அங்கு எடுத்த மாதிரியைக் கொண்டு பெயரிட்டதால், தென் அமெரிக்கப் பூச்சியாக இருந்தும் டாக்டிலோபியஸ் சிலோனிகஸ், அதாவது இலங்கைக்குரியது, என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது. பின்னர் 1913 முதல் தென் ஆப்பிரிக்காவிலும், அதையொட்டி ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலும் இதே கள்ளியை அடக்க இதே பூச்சி உதவியது.

ஆனால் இந்தியாவில் கள்ளித் தொல்லை அத்துடன் தீரவில்லை. ஒற்றைமுள் கள்ளி அழிந்த பின்னும் நாகதாளி பெருகி நிலங்களை மூடியது. பழைய பூச்சி அதன்மேல் பிழைக்கவில்லை. 1926இல் டாக்டிலோபியஸ் ஒபன்ஷியே என்னும் வேறொரு கொச்சினீல் இனம் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட பிறகே, அடுத்த சில ஆண்டுகளில் தென்னிந்தியாவின் நாகதாளிக் காடுகள் குறைந்தன. பூட்டுக்கு ஏற்ற சாவிபோல, கள்ளிக்கு ஏற்ற பூச்சி வேண்டியிருந்தது.

மடகாஸ்கரில் நேர்ந்தது

இதே ஒற்றைமுள் கள்ளிக்கு மற்றொரு முகமும் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் மடகாஸ்கர் தீவின் தென்கோடியில் தங்கள் கோட்டைப் பகுதிக்கு வேலியாக இதைக் கொண்டுசென்றார்கள். மழை குறைந்த அத்தென்பகுதியில் செடி பரவியது. அங்கிருந்த மாடு வளர்க்கும் மக்கள் அதைத் தொல்லையாகக் கருதவில்லை. முள்ளைத் தீயில் பொசுக்கி மடலை மாட்டுக்குப் போட்டார்கள். பழத்தைத் தாங்கள் உண்டார்கள். வீட்டையும் பட்டியையும் சுற்றி வேலியாக்கினார்கள். கோடையில் மாட்டுக்கு அதுவே தீவனம், அதுவே தண்ணீர்.

1924ஆம் ஆண்டையொட்டி அங்கே கொச்சினீல் பூச்சி கொண்டுவரப்பட்டது. ஐந்தாறு ஆண்டுகளில் கள்ளிக்காடுகள் காய்ந்து சரிந்தன. அதைத் தொடர்ந்து வறட்சியும் வந்தபோது மாடுகள் பெருமளவில் மடிந்தன. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் மக்கள் பஞ்சத்துக்கு ஆளாகி ஊரைவிட்டு வெளியேறினார்கள். செடியும் அதுவே, பூச்சியும் அதுவே. நம் நாட்டில் களைக்கு மருந்தான பூச்சி அங்கே வாழ்வாதாரத்தைப் பறித்தது. ஒரு செடியை அழிப்பதற்கு முன் அதை நம்பி வாழ்பவர் யார் என்று கேட்க வேண்டும் என்பதே இதில் உள்ள பாடம்.

தீவனக் கள்ளி நடுவோர் கவனத்திற்கு

இப்போது முள்ளில்லாத தீவனக் கள்ளியைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். இது ஒபன்ஷியா பைகஸ் இண்டிகா என்ற இனம்; தாயகம் மெக்சிகோ. பிரேசிலின் வறண்ட வடகிழக்குப் பகுதியில் பல இலட்சம் ஹெக்டேரில் தீவனத்துக்காகப் பயிராகிறது. இந்தியாவிலும் ஆராய்ச்சி நிலையங்கள் இதைச் சோதித்துப் பரப்பி வருகின்றன.

ஆனால், நாகதாளியை அடக்கிய அதே டாக்டிலோபியஸ் ஒபன்ஷியே இந்தத் தீவனக் கள்ளியையும் தாக்கும். பிரேசிலின் பெர்னாம்புகோ, பரைபா மாநிலங்களில் இந்நூற்றாண்டின் தொடக்கம் முதல் இப்பூச்சி தீவனக் கள்ளித் தோட்டங்களை அழித்தது. அங்குள்ள விவசாயிகள் எதிர்ப்புத் திறனுள்ள வேறு கள்ளி இரகங்களுக்கு மாற வேண்டியதாயிற்று. மொராக்கோ நாட்டில் 2014இல் இது தோன்றி, ஊர்தோறும் வேலியாகவும் பழத்தோட்டமாகவும் இருந்த கள்ளிகளைக் காயவைத்தது. நம் நாட்டிலோ அப்பூச்சி ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக இருந்து வருகிறது. ஆகவே விவசாயிகள் கவனிக்க வேண்டியவை:

1. நடுவதற்கான மடலை, இனமும் இரகமும் தெரிந்த ஆராய்ச்சி நிலையத்திலிருந்தோ நம்பகமான இடத்திலிருந்தோ பெறவும். பூச்சி எதிர்ப்புத் திறன் உள்ள இரகமா என்று கேட்டு வாங்கவும்.

2. வெண்பஞ்சு படிந்த நாகதாளி பக்கத்தில் இருந்தால் அங்கே தீவனக் கள்ளி நடுவதைத் தவிர்க்கவும். காற்றே பூச்சியைக் கொண்டுவந்து சேர்க்கும்.

3. வெட்டிய மடலை உடனே நடாமல், நிழலில் ஒன்றிரண்டு வாரம் வைத்து வெட்டுவாய் ஆறிய பிறகு நடவும். நீர் தேங்கும் நிலம் ஆகாது.

4. பத்து நாட்களுக்கு ஒரு முறையாவது மடலின் இருபுறமும் பார்க்கவும். வெண்பஞ்சு தென்பட்ட மடலை வெட்டி எரிக்கவும் அல்லது ஆழப் புதைக்கவும்.

5. மடலில் 100க்கு 90 பங்கு வரை தண்ணீரே. உலர் எடையில் புரதம் 4 முதல் 6 சதவீதம் அளவே இருக்கும். கள்ளியை மட்டும் போட்டால் மாடு கழியும், உடலும் தேறாது. நறுக்கி, வைக்கோல் அல்லது சோளத்தட்டையுடன் கலந்து கொடுக்கவும். புரதத்துக்குப் பயறுவகைத் தீவனமோ பிண்ணாக்கோ சேர்க்கவும்.

6. வேலியில் நிற்கும் முட்கள்ளியைக் கொடுக்க நேர்ந்தால் முள்ளும் சுணையும் முழுதும் கருகும்வரை தீயில் வாட்டிய பிறகே கொடுக்கவும்.

7. களையாக வளர்ந்த கள்ளியை அகற்றும்போது துண்டுகளை வாய்க்காலிலோ வரப்பிலோ எறிய வேண்டாம். ஒரே இடத்தில் குவித்துக் காயவைத்து எரிக்கவும். பூச்சியை நீங்களே பிடித்துக் கொண்டுபோய் விட வேண்டாம். உங்கள் வேலியில் விட்டது அடுத்தவரின் தீவனத் தோட்டத்திலும் போய்ச் சேரும்.

8. வெளிநாடு சென்று திரும்பும் உறவினர்கள் மூலம் கள்ளி மடலைத் தருவிக்க வேண்டாம். உரிய அனுமதியின்றிச் செடிகளைக் கொண்டுவருவதை 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத் தடுப்பு ஆணை தடைசெய்கிறது.

கள்ளி நட்பா பகையா என்பது செடியை மட்டும் பொறுத்ததல்ல. அது எந்த இனம், எந்த நிலத்தில் நிற்கிறது, யாருடைய மாடு அதை எதிர்பார்த்திருக்கிறது என்பதையும் பொறுத்தது. அடுத்த முறை வேலியோரம் செல்லும்போது சற்று நின்று, மடலின் நிறத்தையும் கண்ணில் உள்ள முட்களின் எண்ணிக்கையையும் பாருங்கள். இனம் விளங்காவிட்டால், பூவும் மடலும் தெரியும்படி ஒரு துண்டைத் தாளில் சுற்றி எடுத்துச் சென்று அருகிலுள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்தில் காட்டி அறிந்துகொள்ளலாம். நடுவதானாலும் அழிப்பதானாலும் அதன் பிறகு செய்வதே நல்லது.